பின்சீட்டுத் தையல்

அத்தியாயம் 17

பின்சீட்டிலிருந்து ஒரு குழந்தை, “அப்பா, லாரி பாரு!” என்று கத்துவதற்கு இன்றைய சந்தை விலை பதினோராயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். ஜி.எஸ்.டி. உட்பட. சிவப்பா கறுப்பா என்பது மட்டும் நம் இஷ்டம்.

இந்த விலையை ஜெகதீசன் போன செவ்வாய்க்கிழமை அண்ணா நகரில் ஒரு கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டான். கடைப் பெண், காரில் பொருத்துகிற குழந்தை சீட்டு ஒன்றின் வாரைப் பூட்டிக் காட்டினாள். டிக் என்று கச்சிதமாக ஒரு சத்தம். விலை அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது அவன் நெஞ்சுக்குள் கேட்ட சத்தம் அவ்வளவு கச்சிதமாக இல்லை.

அவன் கையில் இருந்தது நாலாயிரத்து முந்நூறு. வண்டித் தவணை, வாடகை, கேஸ் எல்லாம் போக மிச்சம். அதற்குமேல் வேண்டுமென்றால் காரின் ஒரு சக்கரத்தைக் கழற்றி விற்க வேண்டும். மூன்று சக்கரத்தில் ஓட்டினால் ஆட்டோ என்று சொல்லி வேறு பர்மிட் கேட்பார்கள்.

நடுவில் சில வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து மாதத்துக்கு முன்னால் வேலப்பன்சாவடி அருகே ஒரு பைக் குறுக்கே வந்தது. ஜெகதீசன் பிரேக்கை மிதித்தான். பைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். பின்சீட்டில் சுவேதாவின் மடியில் இருந்த இரண்டு வயது அருள்மொழி, மடியை விட்டுப் போய் முன்சீட்டின் முதுகில் மோதினாள். நெற்றியில் எலுமிச்சம்பழம் போல வீக்கம். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் சுவேதாவின் தம்பி மோகன், “இன்னா வண்டி ஓட்டற நீ?” என்று கேட்க, ஜெகதீசன் அவன் சட்டையைப் பிடிக்க, சுவேதா குழந்தையோடு ஆவடிக்குத் தாய்வீட்டுக்குப் போனவள்தான். அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று இவனும் ஒரு வீறாப்பு பேசி வைத்தான்.

வீறாப்பு பேசக் காசு செலவில்லை. அதைக் கட்டிக் காப்பதற்குத்தான் செலவு. ஐந்து மாதமாக ஜெகதீசனுக்கு மகள் என்பவள் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, போனில், ஆறு நிமிஷம். அவள் போனுக்கு முத்தம் கொடுத்தால் மோவாய் சிவப்புப் பட்டனில் பட்டு லைன் கட்டாகிவிடும். முத்தம் கிடைக்கிற நாளில் ஆறு நிமிஷம் நாலாகும். இது லாபமா நஷ்டமா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குவது அவன் தொழில். காரின் உள்கண்ணாடியைப் பின்சீட்டு தெரியாத மாதிரி மேலே திருப்பி வைத்திருந்தான். ஒரு டிரைவர் செய்யக் கூடாத காரியம் அது. செய்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சுவேதாவே பேசினாள். “சனிக்கிழமை சாயங்காலம் வா. ஒரு நாள் அருளை வெச்சுக்கோ. ஆனா கார்ல குழந்தைக்குத் தனி சீட்டு இருக்கணும். சும்மா பேருக்கு ஒண்ணு இல்ல. நல்லதா இருக்கணும்.” பின்னாலேயே மெசேஜில் மூன்று நிபந்தனை வந்தது. விபத்தில் அடிபட்ட சீட்டு கூடாது. செய்த தேதி பார்க்க வேண்டும். வார் எல்லாம் அசலாக இருக்க வேண்டும்.

‘நீயும் வருவியா?’ என்று டைப் அடித்து, அழித்து, ‘சரி’ என்று அனுப்பினான்.

அந்தச் சனிக்கிழமை இன்றைக்குத்தான்.

“அங்க வந்து வாயத் தொறக்காத. சீட்டப் பாத்து இளிக்காத. நீ கை வெச்சன்னு வெச்சுக்கோ, வெல ஏறிக்கும்,” என்றாள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா நாகவல்லி.

நாகவல்லிக்கு அம்பத்தூர் ஸ்டேஷன் ரோட்டில் குடம், முறம், பக்கெட் வியாபாரம். இருபத்திரண்டு வருஷம். தன் தாலிக்கே ஆசாரியிடம் நின்று சேதாரத்தைக் குறைத்தவள் என்று கல்யாணப் பந்தலிலேயே பேச்சு. பேரம் பேசப் போகும்போது கட்டுவதற்கென்றே கிழிசலாக ஒரு புடவை வைத்திருந்தாள். இன்றைக்கு அதைத்தான் கட்டியிருந்தாள்.

முகப்பேர் மேற்கில் மூன்றாவது மாடி. ஏரியா வாட்ஸப் குரூப்பில் சீட்டை விற்கப் போட்டிருந்தவள் பெயர் லாவண்யா. முப்பது வயதிருக்கும். காதில் ஹெட்செட்டோடு கதவைத் திறந்தாள். சனிக்கிழமையிலும் அவளுக்கு வீட்டிலிருந்தே மீட்டிங்.

“வாங்க. அதோ இருக்கு, பாருங்க. ஆறாயிரம் போட்டிருந்தேன்.” சொல்லிவிட்டு மைக்கைத் திறந்து, “எஸ், ஐ ஆம் ஹியர்,” என்று யாருக்கோ பதில் சொல்லி மறுபடி மூடினாள்.

நாகவல்லி சீட்டின் பக்கமே திரும்பவில்லை. மூலையில் கிடந்த மூன்று சக்கர சைக்கிளைப் பார்த்தாள். “இத்து இன்னா வெல மா?”

“அது விக்கிறதுக்கு இல்லக்கா.”

“சும்மா கேட்டேன்.” முதல் காய் நகர்த்தியாகிவிட்டது. பிறகுதான், போகிற போக்கில் கண்ணில் பட்ட மாதிரி, “ஓ, இதான் அந்த சீட்டா? போட்டோல பெருசா தெரிஞ்சுது. துணி வெளுத்துப் போய்கீதே?”

“அந்தக் கலரே அதுதான்.”

“வெளுத்த கலராவே வாங்கிக்கீறீங்க? செரி. பூட்டு இன்னாமா இவ்ளோ டைட்டா கீது? கொயந்த கையால தொறக்கவே வராதே.”

“குழந்தை கையால தொறக்க வரக் கூடாதுக்கா. அதுக்குத்தான் டைட்டு.”

நாகவல்லி அரை நொடி தடுமாறினாள். வியாபாரத்தில் அரை நொடி என்பது நீண்ட காலம். உடனே சுதாரித்துக்கொண்டு, “ரெண்டாயிரம் தரேன். கையோட எடுத்துகினு போறோம்,” என்றாள்.

“புதுசு பதினாலாயிரம்க்கா. ஐயாயிரத்து ஐநூறுக்குக் கீழ முடியாது.”

ஜெகதீசன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கை கேட்கவில்லை. சீட்டின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். அழுத்தினால் உள்ளே போய் மெதுவாக மேலே வந்தது. தலை சாய்கிற இடத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரி மெத்தை. அந்தக் காதுகளுக்கு நடுவில் அருளின் தலை எந்த உயரத்தில் வரும் என்று கணக்குப் போட்டான். ஐந்து மாதத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பாள்? போனில் எல்லோரும் ஒரே உயரம்.

நாகவல்லி கடைசி ஆயுதத்தை எடுத்தாள். “சொல்றேனேன்னு கோச்சுக்காத மா. இத்தப் பாத்தா எங்கியோ ஒரு தபா அடிபட்டு வந்த மாரி கீது.”

குடம் விற்கிற ஊரில் இது குசலம் விசாரிப்பது மாதிரி. எவர்சில்வர் குடத்தைத் தூக்கி, ‘சொட்டையா கீதே’ என்றால் கடைக்காரன் சிரித்துக்கொண்டு பத்து ரூபாய் இறங்குவான். சொட்டை இல்லை என்று அவனுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். சரக்கைக் குறை சொல்லாமல் வாங்குவது சரக்குக்கே மரியாதை இல்லை. இது நாகவல்லிக்குப் பழக்கம். ஆனால் இது குடமில்லை.

ஜெகதீசனின் விரல் சீட்டிலிருந்து சட்டென்று விலகியது. “நெஜமாவா க்கா? எங்க அடிபட்டுகீது? காட்டு.”

“டேய்…”

“அடிபட்டதுன்னா வோணாம் க்கா. சுவேதா மொத வார்த்தையா அதான் சொல்லிக்கீறா.”

நாகவல்லி கண்ணாலேயே அவனை எரித்தாள். லாவண்யா ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“என் பையன் மூணு வருஷம் உட்கார்ந்த சீட்டு இது. அடிபட்டிருந்தா உடைச்சுக் குப்பைல போட்டிருப்பேன். இன்னொருத்தர் குழந்தைக்கு விப்பேனா? இதை நான் உங்களுக்குக் குடுக்கறதா இல்ல. கிளம்புங்க.”

“அய்ய, சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன் மா. வெல பேசசொல்ல நாலு வார்த்த வர்றதுதான…”

“இதுல அந்தப் பேச்சு வேணாம்க்கா. கிளம்புங்க.”

கதவு திறந்தபடி இருந்தது. நாகவல்லி வெளியே போய்விட்டாள். போகிற மாதிரி போனால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்பது அவள் அனுபவம். படியில் ஒரு கால், காது உள்ளே. யாரும் கூப்பிடவில்லை.

ஜெகதீசன் போகவில்லை. சட்டைப்பையில் இருந்த பணம் முழுவதையும் எடுத்து அங்கிருந்த செருப்பு அலமாரி மேல் வைத்தான். ஐந்நூறு எட்டு, நூறு மூன்று. பையை வெளியே இழுத்து உள்துணியையும் காட்டினான்.

“இவ்ளோதான் கீது மேடம். எங்க அக்கா பேசினது தப்பு. வாங்கறதுக்கு வேற யாருனா ஆறாயிரத்தோட வருவாங்க, எனக்குத் தெரியும். இன்னிக்கு சாயங்காலம் என் பொண்ணு வர்றா. சீட்டு இல்லன்னா வர மாட்டா.”

படியில் நாகவல்லி நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. பையை முழுசாகக் காட்டிவிட்டு எந்த மடையனாவது விலை பேசுவானா?

லாவண்யா பணத்தைப் பார்க்கவில்லை. “வர மாட்டான்னா? எங்க இருக்கா?”

“ஆவடில. அவங்க அம்மாகூட. அஞ்சு மாசமாச்சு.” சட்டைப்பையை உள்ளே தள்ளிக்கொண்டே, “நான் பிரேக் அடிச்சேன். மடில இருந்து வுயுந்துட்டா,” என்றான். பைக்காரன் குறுக்கே வந்த கதையை அவன் இதுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. இன்றைக்கு ஏனோ அது வாயில் வரவில்லை.

“எவ்வளவு வெயிட் இருப்பா?”

ஜெகதீசன் விழித்தான். “பத்து கிலோ… பதினொண்ணு இருக்குமா?”

“அப்பா தானே நீங்க? கேட்டுச் சொல்லுங்க. வெயிட் தெரியாம சீட்டு குடுக்க முடியாது.”

சுவேதாவுக்கு மெசேஜ் போட்டான். கைக்குழந்தையாக இருந்தபோது ஒவ்வொரு ஊசிக்கும் எடை போட்டு அட்டையில் எழுதுவார்கள். அந்த எண்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். கடைசி ஐந்து மாதத்து எண்தான் அவனிடம் இல்லை. பதில் வந்தது: ‘11.4.’ அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தொலைவில் இருக்கிற மகள் தசமப் புள்ளியோடு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

“போதும், தாராளமா உட்காரலாம்,” என்றாள் லாவண்யா. சீட்டைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த தேதியைக் காட்டினாள். நாலு வருஷத்துக்கு முந்தையது, இன்னும் மூன்று வருஷம் தாங்கும். “கீழ வர்றேன். உங்க வண்டில பொருத்திப் பார்க்காம பணத்தைத் தொட மாட்டேன்.”

ஜெகதீசனின் கார் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றது. பின்கதவைத் திறந்தான். உள்ளே கறுப்பு ரெக்சின், சிவப்பு விளிம்பு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. போன வருஷம் தொழில் ஆரம்பித்தபோது நாகவல்லி ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்துப் போட்டுக்கொடுத்த சீட்டுக் கவர். தம்பிக்கு அவள் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள்.

லாவண்யா குழந்தை சீட்டை இடது பக்கம் வைத்தாள். கார் பெல்ட்டை ஓரத்திலிருந்து இழுத்து, சீட்டின் முதுகு வழியாகச் செலுத்தி, மறுமுனையைக் கையில் பிடித்தபடி சீட்டு மடிப்பில் தேடினாள். இந்தப் பக்கம் தேடினாள். அந்தப் பக்கம் தேடினாள்.

“பக்கிள் எங்க?”

“இன்னாது?”

“பெல்ட்டை மாட்டற பக்கிள். சீட்டுக்கு நடுவுல இருக்கணுமே.”

பக்கிள் இருந்தது. ரெக்சினுக்கு அடியில் இருந்தது. கவர் போட்ட கன்னியப்பன்தான் அன்றைக்குச் சொன்னான்: ‘பின்னாடி யாரு அண்ணாத்தே பெல்ட் போடறாங்க? உக்கார்றவங்களுக்கு இடுப்புல குத்துதுன்னு கம்ப்ளெய்ண்ட் வரும். உள்ள தள்ளி ஓட்டைய மூடித் தச்சுடறேன், மெத்தையாட்டம் நீட்டா இருக்கும்.’ நீட்டாகத்தான் இருந்தது. ஏறுகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

“தச்சு மூடிகீது,” என்றான்.

“பக்கிள் இல்லாம இது வெறும் பிளாஸ்டிக் நாற்காலி,” என்று லாவண்யா பெல்ட்டைக் கைவிட்டாள். அது சர்ர்ரென்று சுருண்டு ஓரத்துக்கு ஓடி, டொக்கென்று நின்றது.

அந்தச் சத்தம்.

அன்றைக்கு வேலப்பன்சாவடிக்கு முன்னால், கார் புறப்பட்டபோது, அவன் முதுகுக்குப் பின்னால் இதே சர்ர்ர். இதே டொக். “இதை எங்க மாட்டறது?” என்று சுவேதா கேட்டாள். “பின்னாடி எதுக்கு பெல்ட்டு? போலீஸ்லாம் கேக்க மாட்டான்,” என்று அவன் சொன்னான். பாட்டைக் கொஞ்சம் சத்தமாகக் கூட வைத்தான்.

ஐந்து மாதமாக அவன் பிரேக்கோடும் பைக்கோடும் மோகனோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சுவேதா கேட்டதோ ஒரே ஒரு கேள்வி. அதுவும் விபத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

“கத்தி இருக்கா மேடம்?”

லாவண்யா மேலே போய்க் காய் நறுக்குகிற கத்தியோடு வந்தாள். ஒரு காதில் மீட்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“டேய், டேய், இன்னாடா பண்றே!” நாகவல்லி ஓடி வந்தாள். “ஏயாயிரத்தி ஐந்நூறு ரூபா கவர்ரா அது! கன்னியப்பன்கிட்ட எத்துகினு போனா பதமா பிரிச்சுக் குடுப்பான்டா!”

“அவன் திங்கக்கிழமதான் கடை தொறப்பான்.”

நைலான் நூல் கத்திக்கு லேசில் மசியவில்லை. கடைசியில் கத்தி வழுக்கி, ரெக்சின் ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்தது. நாகவல்லி தன் வயிற்றிலேயே கீறியது மாதிரி கத்தினாள். பிளந்த வாய்க்குள் கையை விட்டு ஜெகதீசன் அந்தப் பக்கிளை வெளியே இழுத்தான். தூசு ஒட்டிய சின்ன கறுப்புப் பெட்டி. சட்டை நுனியால் துடைத்தான். லாவண்யா பெல்ட்டைச் செருகினாள்.

டிக்.

அவள் முழங்காலால் சீட்டை அழுத்திப் பெல்ட்டை இறுக்கினாள். “பிடிச்சு ஆட்டுங்க. விரல் அகலம்கூட நகரக் கூடாது.” ஆட்டினான். கார் ஆடியது, சீட்டு ஆடவில்லை. கழற்றி அவனையே மாட்டச் சொன்னாள். மூன்றாவது தடவை சரியாக மாட்டினான்.

கையில் கத்தி இன்னும் இருந்தது. வலது பக்கத் தையலையும் பார்த்தான். நாகவல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போதும். ஒரு கொயந்தைக்கு ஒரு பக்கிளு. அந்தப் பக்கமாவது நல்லாருக்கட்டும், அதையும் ஏன் நாசம் பண்றே?”

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

லாவண்யா நாலாயிரத்தை எடுத்துக்கொண்டு முந்நூறைத் திருப்பிக் கொடுத்தாள். “வார் மொட மொடன்னு இருந்தாலும் தோள்ல தளர்த்தி விட்டுடாதீங்க சார். அழுவா. அழுதாலும் விடாதீங்க.” நாகவல்லி அந்த முந்நூறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, “நல்ல பொண்ணு. யாவாரம் மட்டும் தெரில,” என்றாள்.

அக்காவைக் கடையில் இறக்கிவிட்டு ஆவடி போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. வாசலில் மோகன் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சட்டையைப் பிடித்த கை ஒரு பக்கம், பிடிபட்ட சட்டை ஒரு பக்கம்.

“வா மாமா,” என்றான் மோகன். “தண்ணி குடிக்கிறியா?”

“குடு.”

அவ்வளவுதான். ஐந்து மாத வீறாப்பு ஒரு சொம்புத் தண்ணீரில் கரைந்தது.

அருள்மொழி செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள். வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள்:

“ம்மா! போன் அப்பா வெளிய வந்துட்டாரு!”

மோகன் துணியை எடுத்துக்கொண்டு பைக்கின் மறுபக்கம் போய்விட்டான். ஜெகதீசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அருள் கிட்டே வந்து அவன் மூக்கை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். எதுவும் கட்டாகவில்லை.

“நீ பெருசா இருக்க,” என்றாள்.

“நீயும்தான் பெருசாய்ட்ட,” என்றான் அவன். நெற்றியில் வீக்கம் இருந்த இடத்தைத் தேடினான். எந்த இடம் என்றே தெரியவில்லை.

சுவேதா சாவியைக் கேட்கவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்தாள். இவள் வேலை செய்வது ஒரு மருந்துக் கடையில். தேதி பார்க்காமல் எதையும் தொட மாட்டாள். குனிந்து சீட்டைப் பார்த்தாள், ஆட்டினாள், வாரை விரலால் கிள்ளிப் பார்த்தாள். ஜெகதீசன் பரீட்சை பேப்பரை நீட்டிவிட்டு நிற்கிறவன் மாதிரி நின்றான்.

அவள் கை ரெக்சினின் கிழிசலில் வந்து நின்றது. ஓரத்தை மெல்லத் தடவினாள்.

“கிழிச்சிட்டியா?”

“ம்.”

“நாகவல்லி அக்கா உசுரோட விட்டாங்களா?”

“அழுதுச்சு.”

சுவேதாவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அந்தத் துளியை நம்பி அவன் முழுவதையும் சொல்லிவிட்டான். “அன்னிக்கு நீ பெல்ட்ட இழுத்து வுட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு சுவேதா. இன்னிக்குத்தான் நெனப்பு வந்துச்சு. நீ கேட்டதுக்கு நான் பாட்டு வெச்சேன்.”

அவள் கிழிசலிலிருந்து கையை எடுத்தாள். வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு பை. ஒன்று யானை படம் போட்டது, அருளுடையது. இன்னொன்று சுவேதாவின் ஊதா நிறக் கைப்பை. அதன் வாயில் மடித்த நைட்டியின் ஓரம் தெரிந்தது.

“மொத தடவ, பயப்படுவா. பக்கத்துல உக்காந்து வர்றேன். நாளைக்கு சாயங்காலம் ரெண்டு பேரையும் கொண்டாந்து விட்டுடு,” என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. காரின் கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஜெகதீசனுக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பையை வாங்கினான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். அருளைத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்து வாரைப் பூட்டினான். அந்த டிக் சத்தம் இன்னொரு தடவை வேண்டும் என்றாள் அவள். பூட்டித் திறந்து பூட்டினான். வீட்டில் அரிசி இருக்கிறதா, தலையணை உறை துவைத்ததா, பால் பாக்கெட் வாங்க வேண்டுமே என்று மனசு அம்பத்தூருக்கு முன்னால் ஓடிப் போய்விட்டது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, மேலே திருப்பி வைத்திருந்த கண்ணாடியை இறக்கினான். அருளின் தலை சரியாக இரண்டு காதுகளுக்கு நடுவில் இருந்தது. பக்கத்தில் சுவேதா ஏறி உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்து பெல்ட்டை இழுத்தாள்.

கண்ணாடியில் அவள் கை தெரிந்தது. சீட்டு மடிப்பில் தேடியது. தடவியது. ஒரு இடத்தில் அழுத்திப் பார்த்தது. நின்றது.

சர்ர்ர். டொக்.

“இது தச்சே இருக்கு,” என்றாள்.

“அது… அருளு இந்தப் பக்கம்தான உக்காரப் போறான்னு…”

“அவ பக்கத்துல யாரு உக்காருவாங்கன்னு நெனச்ச?”

நியாயமாகப் பட்ட காரியம் ஒன்று இவ்வளவு சீக்கிரம் நாறும் என்று அவனுக்குத் தெரியாது.

“ஒரு நிமிஷம். மோகன்! உள்ள கத்தி எடுத்துகினு வா…”

“வேணாம். இப்ப கிழிப்ப. நான் கேட்டுட்டேன்ல, கிழிப்ப.” அவள் குரலில் கோபமில்லை. கோபமாக இருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கேக்காம ஒரு தடவ நெனச்சிருப்பன்னு பாத்தேன்.”

“முன்னாடி வந்து உக்காரு. இங்க பெல்ட் கீது.”

“இருக்கும். முன்னாடி போடலன்னா டிரைவருக்கு ஃபைன் போடுவாங்கல்ல.” கீழே இறங்கினாள். குனிந்து மகளின் தோள்வாரைச் சரிபார்த்தாள். “அவளுக்கு எல்லாம் சரியா பண்ணிருக்க. கூட்டிகினு போ. ராத்திரி எழுந்தா தண்ணி கேப்பா, வெதுவெதுன்னு குடு.” யானைப் பையை உள்ளே வைத்தாள். ஊதாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அந்தப் பை வந்த வழியே வீட்டுக்குள் போவதை ஜெகதீசன் கண்ணாடியில் பார்த்தான்.

சி.டி.எச். ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன், “யோவ், ஊர்வலமா போற?” என்று கத்திவிட்டுத் தாண்டினான். திருமுல்லைவாயலுக்குள் அருள் மூன்று தடவை, “அம்மா எங்க?” என்று கேட்டாள். மூன்று தடவையும், “வருவாங்க,” என்றான். நாலாவது தடவை கேட்பாள் என்று கண்ணாடியைப் பார்த்தபோது தலை மெத்தைக் காதில் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டாள்.

அம்பத்தூர் தெருவில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். தூக்கினால் விழித்துக்கொள்வாள். விழித்தால் அம்மாவைக் கேட்பாள். சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்து, சுவேதா உட்கார்ந்து எழுந்த இடத்தில் உட்கார்ந்தான். அருளின் கை காற்றில் எதையோ தேடி, அவன் இடதுகை விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. பதினொன்றரைக் கிலோவில் இவ்வளவு பிடி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

இடுப்புக்குப் பக்கத்தில், ரெக்சினுக்கு அடியில், கெட்டியாக ஒன்று முட்டியது.

வீட்டுக்குள் போனால் கத்தி இருக்கிறது. விரலை உருவினால்தான் போக முடியும். ஜெகதீசன் உருவவில்லை. வலதுகையைக் குறுக்கே கொண்டுவந்து, கன்னியப்பன் போட்ட முதல் தையலைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பினான். நைலான். லேசில் மசியாது. நகம் முனையில் பிளந்தது. அடுத்த விரலால் நெம்பினான். ஒரு தையல் விட்டது. வழியில் போனவர்கள் நிறுத்திய காருக்குள் ஒருவன் குனிந்து என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தெருவிளக்கு எரிந்தபோது எண்ணிப் பார்த்தான்.

மொத்தம் பதினான்கு தையல். பிரித்தது ஆறு. பாக்கி எட்டு.